கிறிஸ்து பிறப்பு விழாவும் கொடைப் பண்பும் – ஒரு வரலாற்று நோக்கு



நம் ஆலயம் யூபிலி காணும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று கேட்டபோது, கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றி எழுதவே மனம் விழைந்தது. நம் பங்கின் குடும்பங்கள் அனைத்தையும் ஒரே இரவில் ஒரே கூரையின் கீழ்க் கூட்டி வைக்கும் விழா அதுவன்றோ! அவ்விழா என்றதும் குடிலும் விண்மீனும், புத்தாடையும் பலகாரமும், பரிசுகளும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. இவற்றுள் கொடுத்தல் என்னும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அன்று யார் யாருக்குக் கொடுத்தார்கள்? இன்று நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? இம்மூன்று வினாக்களுக்கும் வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் காணிக்கை

முதல் கிறிஸ்து பிறப்பின்போது குடும்பத்தார் ஒருவருக்கொருவர் பரிசு வழங்கிக் கொண்டதாக நற்செய்தியில் எங்கும் இல்லை. விடுதியில் இடமே கிடைக்காத குடும்பம் அது. பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்தவர்கள் கீழ்த்திசை ஞானிகள் (மத். 2:11). அவர்கள் உறவினர் அல்லர், ஊராரும் அல்லர், மொழியாலும் வழிபாட்டாலும் வேறுபட்டவர்கள். காணிக்கையை வைத்து வணங்கினார்கள். வேறு வழியாகத் தம் நாடு திரும்பினார்கள். அக்குழந்தையின் வீட்டிலிருந்து அவர்களுக்குத் திருப்பி ஒன்றும் வரவில்லை. வருமென்று அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை என்பதும் கருதத் தக்கது. காணிக்கை மூன்றாக இருந்தமையால் கொண்டு வந்தவரும் மூவர் என்று மரபு கொண்டது. கொடையைக் கொண்டே கொடுத்தவரை எண்ணியது திருச்சபை!

டிசம்பர் 25ஆம் நாளைக் கிறிஸ்து பிறப்பு நாளாகக் குறிக்கும் மிகப் பழைய சான்று, 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட உரோமை நாட்குறிப்பு ஏடாகும். அதில் உள்ள பட்டியல் 336ஆம் ஆண்டளவில் எழுந்தது என்று ஆய்வாளர் கொள்வர். அக்கால உரோமையர் சனவரி முதல் நாளில் ஒருவருக்கொருவர் பரிசுகளை மாற்றிக் கொண்டனர். இலத்தீன் மொழியில் அதற்கு 'ஸ்த்ரேனே' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் புத்தாண்டுப் பரிசை இன்றும் 'எத்ரேன்' என்று அழைப்பது அதன் எச்சமே. இவ்வழக்கத்தைக் கண்ட ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீனார், ஒரு சனவரி முதல் நாள் மறையுரையில், பிறர் பரிசு மாற்றிக் கொள்ளும் அந்நாளில் கிறிஸ்தவர்கள் ஏழைகளுக்குத் தர்மம் செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

பரிசுக்கும் தர்மத்திற்கும் என்ன வேறுபாடு? நம் வழக்கில் சொல்வதானால், அந்த உரோமைப் பரிசு ஒரு வகை மொய். இன்று நான் வைத்தால் நாளை நீ வைக்க வேண்டும். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். மொய் தீயது என்று நான் சொல்ல வரவில்லை. திருமணச் செலவைத் தனியே தாங்க இயலாத குடும்பத்திற்கு ஊரே தோள் கொடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆயினும் மொய் என்பது கடன், கொடையன்று. விருந்து வைக்கும்போது, திருப்பி அழைக்க வசதியுள்ள நண்பரையும் உறவினரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அழையாமல், கைம்மாறு செய்ய இயலாதவரை அழைக்குமாறு ஆண்டவர் கற்பித்தது (லூக். 14:12–14) இந்த வேறுபாட்டை உணர்த்தவே.

இருளில் வந்த ஆயர்

கிறிஸ்மஸ் தாத்தாவை அறியாத குழந்தை இல்லை. ஆனால் அவருக்கு மூலமான ஆயரை அறிந்தவர் சிலரே. 4ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மீரா நகரின் ஆயராக விளங்கியவர் புனித நிக்கோலாஸ். அவரைப் பற்றிய மரபு வரலாறு ஒன்று நம் நாட்டுப் பெற்றோருக்கு எளிதில் விளங்கும். நொடித்துப் போன ஒரு தந்தைக்கு மூன்று பெண்மக்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. அப்பெண்களை இழிதொழிலுக்கு விற்க வேண்டிய நிலை நேர்ந்தது. இதைக் கேள்வியுற்ற நிக்கோலாஸ், இரவில் யாரும் அறியாதபடி அவ்வீட்டுச் சன்னல் வழியே பொன்முடிப்பை எறிந்தார். இவ்வாறு மும்முறை செய்தார். மூன்றாம் முறை விழித்திருந்த தந்தை ஓடிச் சென்று அவரைப் பிடித்துக் கொண்டார். தாம் உயிரோடு இருக்கும்வரை இதை ஒருவருக்கும் சொல்லலாகாது என்று ஆயர் அவரிடம் கேட்டுக் கொண்டாராம்.

இவ்வரலாற்றில் மூன்று உண்மைகள் உள. கொடை வீட்டுக்கு வெளியே சென்றது. தேவையான அளவுக்குச் சென்றது. பெற்றவர் தலைகுனியாதபடி இருளில் சென்றது. அவருடைய திருப்பண்டங்கள் 1087ஆம் ஆண்டில் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டு வரப்பட்டபின், அவரது வணக்கம் மேலை நாடெங்கும் பரவியது. 15ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் உத்ரெக்ட் நகர நிக்கோலாஸ் ஆலயத்தில், அவர் திருநாளான டிசம்பர் 6க்கு முந்திய மாலையில் காலணிகளை வைப்பார்கள். அவற்றில் விழுந்த காசு ஏழைகளுக்குச் சென்றது. பிற்காலத்தில் அதே காலணி அவரவர் வீட்டுக் குழந்தைக்குப் பரிசு இடும் காலணி ஆயிற்று. 1823ஆம் ஆண்டில் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் வெளியான கவிதையும், 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் வரைந்த படங்களும் ஆயரைத் தொந்தி பெருத்த தாத்தாவாக மாற்றின. ஏழைப் பெண்களின் சன்னலைத் தேடி வந்தவர், நம் வீட்டுப் புகைபோக்கி வழியே நம் பிள்ளைகளுக்கே பொம்மை கொண்டு வருபவரானார்.

கிரேச்சியோவில் ஓர் இரவு

நம் இல்லந்தோறும் களிமண்ணும் வைக்கோலும் காகிதமும் கொண்டு குடில் அமைக்கிறோம். இவ்வழக்கத்தை மக்களிடையே வேரூன்றச் செய்தவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிசு. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலியின் கிரேச்சியோ மலையூரில் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அவ்விடத்திலே திருப்பலி நிறைவேற்றச் செய்தார். அந்நிகழ்ச்சியின் 800ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு அவர்களும் 2019 டிசம்பர் முதல் நாள் அதே ஊருக்குச் சென்று, குடிலின் பொருள் பற்றிய திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார்.

இவை பலரும் அறிந்தவை. அவ்வளவாக அறியப்படாத ஒன்றும் உண்டு. அந்நாளில் செல்வர் ஏழைகளை வயிறார உண்பிக்க வேண்டும் என்றும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீவனம் இட வேண்டும் என்றும், பேரரசரைக் காண நேர்ந்தால் வீதிகளில் பறவைகளுக்குத் தானியம் தூவுமாறு ஆணை பிறப்பிக்கக் கேட்பேன் என்றும் பிரான்சிசு விரும்பியதாக, அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். குடில் அவருக்கு அலங்காரம் அன்று. ஆண்டவர் ஏழையாய் வந்தார். ஆகவே அன்று ஒருவரும், ஒரு குருவியும்கூட, பசித்திருக்கலாகாது என்பதே அதன் பொருள். குடிலைப் பெற்றுக் கொண்ட நாம் இந்தப் பாதியை மறக்கலாமா?

பந்தியில் ஏழையின் பங்கு

திருச்சபையின் இப்போதனை குடும்ப வழக்கமாகவும் உருப்பெற்றது. பிரான்சு நாட்டின் புரோவான்சு பகுதியில், பிறப்பு விழாவுக்கு முந்திய இரவு விருந்தில் 'ஏழையின் பங்கு' என்று ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கும் வழக்கம் உண்டு. போலந்து நாட்டார் அன்றிரவு வானில் முதல் விண்மீன் தோன்றும்வரை காத்திருந்து பந்தி அமர்வர். மேசை விரிப்பின் கீழ்ச் சிறிது வைக்கோல் இருக்கும். 'ஒப்வாடெக்' என்னும் மெல்லிய அப்பத்தை ஒருவர் மற்றவருடைய கையிலிருந்து பிட்டு உண்டு வாழ்த்துக் கூறுவர். எதிர்பாராது வரும் விருந்தினருக்காக ஒரு தட்டும் இருக்கையும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். கிரேக்கர் புத்தாண்டு நாளில், புனித பசிலியார் பெயரால் செய்யும் அப்பத்தை வெட்டும்போது, கிறிஸ்துவுக்கும் கன்னி மரியாளுக்கும் துண்டுகளை ஒதுக்குவதோடு ஏழைக்கும் ஒரு துண்டு ஒதுக்குவர்.

இக்குடும்பங்களில் பல செல்வக் குடும்பங்கள் அல்ல. ஆயினும் அவ்வீட்டுக் குழந்தை மழலைப் பருவத்திலேயே ஒரு பாடம் கற்றது: 'நம் வீட்டுப் பந்தியில் நம்மைச் சேராத ஒருவருக்கும் இடம் உண்டு.' மறைக்கல்வி வகுப்பில் பலமுறை சொன்னாலும் ஏறாத பாடத்தை ஒரு வெற்றுத் தட்டு கற்பித்து விடுகிறது. குடும்ப மரபின் வலிமை இதுவே.

வாசல் மூடிய காலம்

19ஆம் நூற்றாண்டில் பெரியதொரு மாற்றம் நேர்ந்தது. செருமானிய நாடுகளில் இருந்த கிறிஸ்மஸ் மரம் இங்கிலாந்து அரண்மனையிலும் இடம் பெற்றது. விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை 1848ஆம் ஆண்டில் இலண்டன் வார இதழ் ஒன்று வெளியிட, மரமும் அதன் அடியில் குவிந்த பரிசுகளும் நடுத்தரக் குடும்பங்களின் கனவாயின. குழந்தைகள் விழாவின் நடுநாயகம் ஆயினர். இது நல்லதே. ஆனால் பரிசுகள் மரத்தைச் சுற்றியே நின்று விட்டன.

இம்மாற்றத்தின் வாயிற்படியில் நிற்கும் இரு சான்றுகள் 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒன்று சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் கதை. கருமியான ஸ்குரூஜ் மனம் திருந்தியதும், தன் ஏழை எழுத்தரின் வீட்டுக்கு அனுப்பியவர் பெயர் தெரியாதபடி வான்கோழி ஒன்றை அனுப்புகிறார். நிக்கோலாஸ் ஆயரின் இருட்டு இங்கே மீண்டும் வருவதைக் காண்க! மற்றொன்று, இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்து விற்பனைக்கு விட்ட முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை. அதன் நடுவே ஒரு குடும்பம் கிண்ணம் ஏந்தி விருந்துண்கிறது. ஒரு பக்கத்தில் பசித்தோர்க்கு உணவு வழங்கப்படுகிறது. மறு பக்கத்தில் ஆடையற்றோர்க்கு ஆடை அளிக்கப்படுகிறது. குடும்ப மகிழ்ச்சி நடுவில், இரக்கச் செயல்கள் இரு புறமும்! பிற்காலத்தில் அச்சிடப்பட்ட அட்டைகளைப் பாருங்கள். மணியும் மரமும் பனியும் தாத்தாவும் எஞ்ச, பசித்தவனும் ஆடையற்றவனும் எங்கோ போய்விட்டனர்.

ஓசானாம் கண்ட புத்தாண்டு

அதே நூற்றாண்டில் வேறொரு வழி காட்டியவர் அருளாளர் பிரெடரிக் ஓசானாம். 1833ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், பாரீசு நகரில் நண்பர் சிலருடன் சேர்ந்து அவர் தொடங்கிய குழுவே புனித வின்சென்ட் தே பவுல் சபை. ஏழையைத் தம்மிடம் வரவழையாமல், ஏழையின் வீட்டுக்குத் தாமே செல்வது என்பதே அவர்கள் வகுத்த முறை. 1863ஆம் ஆண்டில் அச்சபை இந்தியாவிலும் காலூன்றியது. 1997ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஓசானாமுக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் குடும்பங்களுக்கு ஏற்றது. ஒரு புத்தாண்டு நாளில், வறுமையால் தங்கள் பழைய அலமாரியை அடகு வைத்த குடும்பம் ஒன்று ஓசானாமின் நினைவுக்கு வந்தது. வாழ்ந்த நாட்களின் ஒரே அடையாளமாக அவர்களுக்கு எஞ்சியிருந்த பொருள் அது. அதை மீட்டுக் கொடுக்க அவர் எண்ணினார். துணைவியார் தக்க காரணங்கள் கூறித் தடுக்கவே, விட்டுவிட்டார். மாலையில் அவருடைய சிறுமகளைச் சுற்றிப் பொம்மைகள் குவிந்தன. தந்தையின் முகமோ வாடியிருந்தது. மகள் நீட்டிய இனிப்பையும் அவர் தொடவில்லை. அந்த ஏழைக் குடும்பத்தின் நினைவே காரணம் என்று அறிந்த துணைவியார், இப்போதே செல்லுங்கள் என்று தாமே அனுப்பி வைத்தார். அலமாரி அவ்வீடு போய்ச் சேர்ந்தபின் திரும்பிய ஓசானாம் மகிழ்ச்சி நிறைந்தவராய் இருந்தாராம். மகளின் பொம்மைகளை அவர் பறிக்கவில்லை. தம் வீட்டு மகிழ்ச்சி நிறைவு பெற இன்னொரு வீட்டு வாசலைத் தேடிச் சென்றார்.

நம் இல்லங்களில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிறிஸ்து பிறப்பு நெருங்கினால் நம் வீடுகளில் மாவு இடிப்பதும் பாகு காய்ச்சுவதும் தொடங்கும். அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, தென்கோடி மாவட்டத்தார்க்கு முந்திரிக்கொத்து என்று அடுக்குப் பானைகள் நிரம்பும். திருநாளன்று பலகாரத் தட்டு இந்து, இஸ்லாமியச் சகோதரர் வீடுகளுக்கும் செல்லும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அவர்கள் வீட்டுப் பண்டம் நமக்கு வரும். தட்டை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது நம் தாய்மார் கண்ட மரபு. வேறு ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ வைத்தாவது திருப்புவார்கள். மனிதரை மனிதரோடு இணைக்கும் அருமையான வழக்கம் இது. அழியாமல் காக்க வேண்டும்.

ஆயினும் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தட்டை வெறுமையாகத் திருப்ப இயலாது என்றால், திருப்பி வைக்க ஒன்றும் இல்லாதவள் என்ன செய்வாள்? கூலி வேலைக்குச் செல்லும் கைம்பெண்ணுக்கு நம் தட்டு மகிழ்ச்சி தருமா, கவலை தருமா? நாளடைவில் நம் தட்டுகள், திருப்பி வைக்க வசதியுள்ள வீடுகளுக்கு மட்டுமே செல்லத் தொடங்கி விடுகின்றன. யாரும் திட்டமிட்டு விலக்குவதில்லை; அந்த வாசல் தானாகவே விடுபட்டுப் போகிறது. நம் வள்ளுவர் பெருமானும் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தபின், 'ஈகை' என்று அடுத்த அதிகாரத்தைத் தனியே வகுத்தார். திருப்பித் தர இயலாத வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என்பது அவர் கண்ட இலக்கணம். நமது தட்டு ஒப்புரவு. அது போதாது, ஈகையும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் கிறிஸ்து பிறப்பை முன்னிட்டு ஏழைகளுக்கு அரிசியும் சேலையும் வழங்குகிறார்கள். மிக நல்ல செயல். ஆனால் பெறுவோர் பெயரை ஒலிபெருக்கியில் அழைப்பதும், வரிசையில் நிறுத்துவதும், சேலையின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்தபடி புகைப்படம் எடுப்பதும் பரவி விட்டன. அந்தத் தாயின் மகன் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறான் அன்றோ? அடுத்த நாள் பள்ளியில் அவன் முகம் எப்படியிருக்கும்? இம்மலரிலும் நன்கொடையாளர் பெயர்கள் அச்சாகியுள்ளன. அது நம் நன்றிக்கடன், அதில் குறையில்லை. கொடுத்தவர் பெயரைச் சொல்வது நன்றி. பெற்றவர் பெயரைச் சொல்வது அவரை நாணச் செய்வது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் கட்டளை (மத். 6:3), பெறுபவரின் மானத்தையும் காக்கிறது.

யூபிலி ஆண்டில் நாம் செய்யத் தக்கது

யூபிலி என்பது வெறும் ஆண்டுக் கணக்கன்று. பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அவ்வாண்டில் கைமாறிய நிலம் பழைய குடும்பத்திற்கே திரும்பியது; வறுமையால் அடிமைப்பட்டவர் விடுதலை பெற்றுத் தம் இல்லம் சேர்ந்தனர் (லேவி. 25). கொடுக்கல் வாங்கல் ஏட்டை மூடி வைக்கும் ஆண்டு அது. ஆகவே நம் யூபிலிக்குப் பொருத்தமாக, நம் குடும்பங்களுக்கு மூன்று எளிய வழக்கங்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது: பலகாரம் செய்யும்போதே ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, அதைத் தட்டில் அல்ல, இலையில் பொதிந்து கொடுங்கள். இலையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆகவே பெறுபவர்க்குக் கடன் இல்லை.

இரண்டாவது: அப்பொதியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்களோடு நீங்களும் அவ்வீட்டுக்குச் சென்று, சிறிது நேரம் அமர்ந்து பேசி வாருங்கள். டிசம்பர் 26ஆம் நாள் இதற்கு மிகவும் ஏற்றது. அன்று புனித முடியப்பர் திருநாள். முதல் மறைசாட்சியாகிய அவர், அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாத கைம்பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவர் (அப். பணி 6). பாலன் பிறந்த மறுநாளே கைம்பெண்களின் ஊழியரைத் திருச்சபை நமக்கு நினைவூட்டுவதை உன்னுங்கள்.

மூன்றாவது: திருநாள் பந்தியில் ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து ஊர் திரும்ப இயலாதவர், பிள்ளைகள் தொலைவில் வாழத் தனித்திருக்கும் முதியவர், உறவினரோடு மனத்தாங்கல் கொண்டு ஒதுங்கியவர் என யாரேனும் ஒருவர் அதில் அமரட்டும். ஒருவரும் வராவிட்டாலும் அந்த இலை கிடக்கட்டும். 'இது யாருக்கு?' என்று உங்கள் பிள்ளை கேட்பான். அவ்வினாவே அவனுக்கு மறைக்கல்வி.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும். நம் முன்னோர் தம் உழைப்பையும் பொருளையும் ஈந்து எழுப்பிய இவ்வாலயம், அவர்கள் நமக்குத் திருப்பிக் கேளாமல் விட்டுச் சென்ற கொடை. அவர்களுக்கு நாம் திருப்பித் தர வழியில்லை. நமக்குப் பின் வருவோர்க்கும், நம் வாசலில் நிற்போர்க்கும் கொடுக்கவே வழியுண்டு. தீவனத் தொட்டியில் பிறந்த பாலன் இயேசு, உங்கள் இல்லங்களிலும் உள்ளங்களிலும் பிறந்து, உங்கள் கரங்களைக் கொடுக்கும் கரங்களாக ஆசீர்வதிப்பாராக!

இறையன்பில் என்றும் உங்கள்,
பங்குத்தந்தை